அழித்ததை டிரைவுக்கும் சொல்லுங்கள்: எமுலேட்டர் எஸ்எஸ்டியில் டிரிம் சேர்ப்பது

ஒரு ஃபைலை அழித்தால் எஸ்எஸ்டியில் அந்த இடம் உடனே காலியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி ஆவதில்லை. ஃபைல் சிஸ்டம் தன் பதிவுகளில் "இந்த இடத்தை இனி வேறு யாருக்கும் கொடுக்கலாம்" என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் டிரைவுக்கு இந்தச் செய்தி தானாகப் போய்ச் சேராது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் டிரிம் என்ற கட்டளை இருக்கிறது.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைத் தமிழில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. உட்லண்ட்ஸில் மைக்ரான் நிறுவனத்தின் நேண்ட் ஃபிளாஷ் ஆலைகள் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் நினைவகச் சில்லுதான் நேண்ட் ஃபிளாஷ். எஸ்எஸ்டியின் உயிரே அந்தச் சில்லுதான். ஆனால் சில்லு மட்டும் எஸ்எஸ்டி ஆகிவிடாது. அதை மேய்க்கிற மென்பொருள் இன்னொரு பாதி. அந்தப் பாதியைக் கற்றுக்கொள்ள ஆலையோ ஆய்வகமோ தேவையில்லை. லினக்ஸ் ஓடும் ஒரு கணினியும் கொஞ்சம் தாராளமான ராமும் இருந்தால் வீட்டு ஹாலில் உட்கார்ந்தே செய்யலாம். பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பக்கம் வரவேண்டும் என்பது என் ஆசை.

என் அக்கா மகள் பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு. புராஜெக்டுக்காக எஸ்எஸ்டி எமுலேட்டர் ஒன்றை, அதாவது எஸ்எஸ்டி மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றை, கையில் எடுத்திருக்கிறாள். ஒருநாள் கேட்டாள்: "மாமா, டிரிம் அனுப்பினா எர்ரரே வரல. ஆனா டிரைவ்ல ஒண்ணும் மாறவும் இல்ல. எப்படி?" அருமையான கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான பதில்தான்.

முதலில் ஃபிளாஷின் குணம்

தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகாவும் குழுவினரும் 1987இல் நேண்ட் ஃபிளாஷை வெளியிட்டார்கள். அன்றுமுதல் அதன் கொள்ளளவு எங்கேயோ போய்விட்டது, ஆனால் அடிப்படைக் குணம் அப்படியே இருக்கிறது. எழுதுவது பேஜ் கணக்கில், அழிப்பது பிளாக் கணக்கில். பேஜ் என்பது 4 கிலோபைட், 16 கிலோபைட் என்று சிறியது. பிளாக் என்பது நூற்றுக்கணக்கான பேஜ்கள் சேர்ந்தது, இன்றைய சில்லுகளில் ஆயிரத்தையும் தாண்டும். ஒருமுறை எழுதிய பேஜின் மேலேயே திரும்ப எழுத முடியாது. அந்த பிளாக் முழுவதையும் அழித்த பிறகுதான் முடியும். அழிப்பதோ எழுதுவதைவிடப் பல மடங்கு மெதுவானது, ஒவ்வொரு அழிப்பிலும் சில்லு கொஞ்சம் தேய்கிறது.

அதனால் எஸ்எஸ்டி என்ன செய்கிறது? ஹோஸ்ட், அதாவது டிரைவ் மாட்டியிருக்கும் கணினி, "100ஆம் முகவரியில் எழுது" என்றால், டிரைவ் தனக்கு வசதியான ஏதோ ஒரு காலி பேஜில் எழுதிவிட்டு, "100 என்பது இப்போது இங்கே இருக்கிறது" என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. இதுதான் மேப்பிங் டேபிள். இதைப் பராமரிக்கும் மென்பொருள் அடுக்குக்கு எஃப்டிஎல் (ஃபிளாஷ் டிரான்ஸ்லேஷன் லேயர்) என்று பெயர். அதே 100ஆம் முகவரியில் மறுபடி எழுதச் சொன்னால், புதிய தகவல் இன்னொரு பேஜுக்குப் போகும். அட்டவணை மாறும். பழைய பேஜ் செல்லாதது என்று குறிக்கப்படும்.

இப்படியே போனால் காலி பேஜ்கள் தீர்ந்துவிடும் அல்லவா? அப்போது கார்பேஜ் கலெக்ஷன் தொடங்குகிறது. செல்லாத பேஜ்கள் நிறைய இருக்கும் பிளாக் ஒன்றை டிரைவ் தேர்ந்தெடுக்கும். அதில் மிச்சமிருக்கும் செல்லுபடியான பேஜ்களை வேறு இடத்துக்கு நகலெடுக்கும். அப்புறம் பிளாக்கை அழிக்கும். நகலெடுப்பதும் எழுத்துதான். ஹோஸ்ட் ஒரு பேஜ் எழுதச் சொன்னதற்கு டிரைவ் உள்ளுக்குள் எத்தனை பேஜ் எழுதியது என்ற விகிதத்தை ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் என்பார்கள். ஒன்றுக்கு அருகில் இருந்தால் நல்லது. ஏற ஏற டிரைவ் மெதுவாகும், ஆயுளும் குறையும்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், டிரைவின் பார்வையில் ஒரு பேஜ் செல்லாததாக மாற ஒரே வழி, அதே முகவரியில் மறுபடி எழுதுவது. ஃபைலை அழித்தால் அந்த முகவரிகளில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. ஆகவே டிரைவ் அவற்றைச் செல்லுபடியான தகவலாகவே நினைத்து, கார்பேஜ் கலெக்ஷன் வரும்போதெல்லாம் பத்திரமாக நகலெடுத்துச் சுமக்கிறது.

தேக்கா உணவங்காடி நிலையத்தில் மதிய நேரத்தில் மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பார்கள். அந்த பாக்கெட் இருக்கும்வரை யாரும் அங்கே உட்காரமாட்டோம். வைத்தவர் மனம் மாறி வேறு கடைக்குப் போய்ச் சாப்பிட்டு வீட்டுக்கும் போயிருக்கலாம். பாக்கெட்டை எடுக்காமல் போனால் நமக்கு எப்படித் தெரியும்? டிரைவில் இருக்கும் மேப்பிங் பதிவு அந்த பாக்கெட் மாதிரிதான். டிரிம் என்பது போகும்போது பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போவது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு பிளாக்கில் 256 பேஜ்கள். அதில் 200 செல்லுபடியானவை என்று டிரைவ் நம்புகிறது. உண்மையில் அவற்றில் 150 பேஜ்களுக்கு உரிய ஃபைல்களை ஹோஸ்ட் எப்போதோ அழித்துவிட்டது. டிரிம் இல்லையென்றால் 200 பேஜை நகலெடுத்து 56 பேஜ் இடம் கிடைக்கும். அந்த 56ஐ ஹோஸ்ட் நிரப்பும்போது, டிரைவ் மொத்தம் 256 பேஜ் எழுதியிருக்கும். விகிதம் ஏறத்தாழ 4.6. டிரிம் வந்திருந்தால் 50 பேஜை மட்டும் நகலெடுத்தால் போதும், 206 பேஜ் இடம் கிடைக்கும். விகிதம் 1.24. பிளாக் அதேதான், சில்லும் அதேதான். ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம்.

கட்டளை எப்படி இருக்கும்?

டிரைவும் கணினியும் பேசிக்கொள்ள சாட்டா, ஸ்கஸி, என்விஎம்இ என்று பல முறைகள் உண்டு. டிரிம் என்பது சாட்டா டிரைவ்களில் வழங்கும் பெயர். ஸ்கஸியில் இதையே அன்மேப் என்பார்கள். லினக்ஸின் உள்ளே டிஸ்கார்ட். என்விஎம்இ டிரைவ்களில் டேட்டாசெட் மேனேஜ்மென்ட் என்ற கட்டளையில் டீஅலோகேட் என்ற பிட்டை ஏற்றி அனுப்பினால் அதுதான் டிரிம். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதலே இந்த வசதி சாதாரணப் பயனர்களிடம் வந்துவிட்டது. உபுண்டு போன்ற லினக்ஸ்களில் எஃப்எஸ்டிரிம் என்ற நிரல் வாரம் ஒருமுறை தானாக ஓடி, காலியாகக் கிடக்கும் இடங்களையெல்லாம் டிரைவுக்கு மொத்தமாகச் சொல்லிவிடும்.

நாம் என்விஎம்இயை எடுத்துக்கொள்வோம், எமுலேட்டர்கள் பெரும்பாலும் அதைத்தான் காட்டுகின்றன. கட்டளையின் ஆப்கோட், அதாவது அதன் அடையாள எண், ஹெக்ஸ் 09. கட்டளைக்குள்ளேயே முகவரி இருக்காது. அதற்குப் பதிலாக ஹோஸ்டின் நினைவகத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் அதிகபட்சம் 256 வரிசைகள், ஒவ்வொன்றும் 16 பைட். முதல் 4 பைட் பண்புகள், அடுத்த 4 பைட் நீளம், கடைசி 8 பைட் தொடக்க முகவரி. 256ஐ 16ஆல் பெருக்கினால் சரியாக 4096 பைட்.

வரிசைகளின் எண்ணிக்கையைக் கட்டளையில் ஒன்று குறைத்துத்தான் எழுதுவார்கள். 0 என்று வந்தால் ஒரு வரிசை, 255 என்றால் 256 வரிசை. ஒன்றைக் கூட்ட மறந்தால் கடைசி வரிசை எப்போதும் விட்டுப்போகும். ஒற்றை வரிசை டிரிம் என்றால் ஒன்றுமே நடக்காது, எர்ரரும் வராது.

என் அக்கா மகளின் கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் இருக்கிறது. என்விஎம்இ விதிப்படி இந்தக் கட்டளை ஒரு யோசனை மட்டுமே. டிரைவ் கேட்டுக்கொண்டு எதுவும் செய்யாமல் "சரி, வெற்றி" என்று பதில் அனுப்பினாலும் விதிமீறல் ஆகாது. எமுலேட்டரில் அந்தக் கட்டளைக்கு ஒரு வெற்றுப் பதில் மட்டும் எழுதி வைத்திருந்தால், ஹோஸ்டுக்கு எல்லாம் சரியாக நடப்பது போலவே தெரியும். எஃப்டிஎல் வரை செய்தி போயிருக்காது.

எமுலேட்டருக்குள் போவோம்

எஸ்எஸ்டி எமுலேட்டர் என்றால், ராமில் தகவலை வைத்துக்கொண்டு, ஃபிளாஷ் எவ்வளவு நேரம் எடுத்திருக்குமோ அவ்வளவு நேரம் தாமதித்துப் பதில் சொல்லும் மென்பொருள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி, 2018இல் சேமிப்பக ஆய்வுக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியான ஃபெமு இந்த வகையில் பரவலாகத் தெரிந்த ஒன்று. கியூஎமு என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளின் மேல் கட்டியது. உள்ளே ஓடும் லினக்ஸுக்கு அது உண்மையான என்விஎம்இ டிரைவாகவே தெரியும்.

இந்த வகை எமுலேட்டரில் ஒரு முக்கியமான அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தகவல் ஒரு பக்கம், நேரக் கணக்கு இன்னொரு பக்கம். ஹோஸ்ட் எழுதும் பைட்டுகள் ராமில் முகவரி வரிசைப்படியே போய் உட்காரும். மேப்பிங் டேபிள், பேஜ், பிளாக், கார்பேஜ் கலெக்ஷன் எல்லாம் தகவலைத் தொடாமல், "இது நிஜ ஃபிளாஷாக இருந்தால் எந்தச் சில்லு எவ்வளவு நேரம் வேலையாக இருக்கும்" என்று கணக்குப் போடுவதற்காக மட்டும் இருக்கும்.

இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். நிஜ எஸ்எஸ்டியில் டிரிம்மைத் தப்பாக எழுதினால் யாருடைய கல்யாண ஃபோட்டோவோ காணாமல் போகும், உடனே கூச்சல் கிளம்பும். எமுலேட்டரின் எஃப்டிஎல்லில் தப்பாக எழுதினால் ஒரு பைட்டும் கெடாது. ஃபைல்கள் எல்லாம் நன்றாகத் திறக்கும். அளவீடுகள் மட்டும் பொய்யாக இருக்கும், அதுவும் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக. ஆய்வுக்கட்டுரைக்கோ புராஜெக்டுக்கோ எமுலேட்டரை நம்புவது அந்த அளவீடுகளுக்காகத்தான். ஆகவே இங்கே டிரிம் சேர்ப்பது என்றால், எதை மறக்கலாம் எதை மறக்கக்கூடாது என்ற கணக்கை ஒழுங்காக வைப்பது என்று பொருள்.

உதாரணத்துக்கு ஒரு டிரைவை வைத்துக்கொள்வோம். 8 சேனல், சேனலுக்கு 8 சில்லு, சில்லுக்கு 256 பிளாக், பிளாக்குக்கு 256 பேஜ், பேஜ் 4 கிலோபைட். மொத்தம் 16 ஜிபி. ஒரு பேஜைப் படிக்க 40 மைக்ரோ விநாடி, எழுத 200, ஒரு பிளாக்கை அழிக்க 2 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளலாம்.

டிரைவ் முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஹோஸ்டில் டிரைவைக் கையாளும் மென்பொருளான டிரைவர் ஏறும்போது ஐடென்டிஃபை என்ற கட்டளையால் "உனக்கு என்னென்ன தெரியும்" என்று கேட்கும். வரும் பதிலில் ஓஎன்சிஎஸ் என்ற புலத்தில், 0விலிருந்து எண்ணினால் 2ஆவது பிட் டேட்டாசெட் மேனேஜ்மென்டுக்கு உரியது. அதை ஏற்றாவிட்டால் லினக்ஸ் டிஸ்கார்டை அனுப்பவே அனுப்பாது, எஃப்எஸ்டிரிம் ஓட்டினால் இந்தச் செயலுக்கு ஆதரவில்லை என்று சொல்லிவிடும். எல்எஸ்பிஎல்கே நிரலைப் பெரிய டி என்ற தெரிவோடு ஓட்டினால் டிஸ்கார்ட் அளவுகள் DISC-GRAN, DISC-MAX என்ற பத்திகளில் தெரியும். இரண்டும் 0 என்று இருந்தால் அறிமுகத்திலேயே கோளாறு என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து பட்டியலைக் கொண்டுவர வேண்டும். இங்கே புதிதாக எழுதுபவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. கட்டளையை வாங்கும் திரெட் வேறு, எஃப்டிஎல் ஓடும் திரெட் வேறு. ரீட், ரைட் கட்டளைகளுக்குத் தொடக்க முகவரியும் நீளமும் கோரிக்கையோடு சேர்ந்தே போகும், அதனால் பிரச்சினை இல்லை. டிரிம்முக்கு 256 வரிசை வரை இருக்கலாம். அவற்றை ஹோஸ்ட் நினைவகத்திலிருந்து நகலெடுத்து, ஹீப்பில் இடம் ஒதுக்கி வைத்து, கோரிக்கையோடு ஒரு பாயின்டராகக் கட்டி அனுப்ப வேண்டும். ஃபங்ஷனின் லோக்கல் மாறியில் வைத்தால் எஃப்டிஎல் எடுத்துப் பார்க்கும் நேரத்தில் அங்கே வேறு ஏதோ இருக்கும். வேலை முடிந்ததும் இடத்தை விடுவிப்பதையும் மறக்கக்கூடாது, வாராவாரம் எஃப்எஸ்டிரிம் ஓடும் இயந்திரத்தில் சின்னக் கசிவும் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு வரிசையும் டிரைவின் எல்லைக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெளியே போனால் எல்பிஏ (ஹோஸ்ட் பயன்படுத்தும் முகவரி எண்) எல்லை மீறல் என்ற எர்ரரைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அப்புறம் எஃப்டிஎல். இங்கே ஓர் அழகான விஷயம் இருக்கிறது. ஏற்கெனவே எழுதிய முகவரியில் மறுபடி எழுதும்போது எஃப்டிஎல் இரண்டு வேலை செய்கிறது: பழைய பேஜை மறக்கிறது, புதிய பேஜைப் பிடிக்கிறது. டிரிம் என்பது அதில் முதல் வேலை மட்டும். ஆகவே புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். ரைட் பாதையில் பழைய பேஜைச் செல்லாததாக்கும் ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கும், அதையே கூப்பிடுங்கள். அது பேஜின் நிலையை மாற்றும், பிளாக்கின் செல்லுபடியான எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும், செல்லாத எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும், கார்பேஜ் கலெக்ஷனுக்கான முன்னுரிமை வரிசையில் அந்த பிளாக்கின் இடத்தையும் சரிசெய்யும். இவற்றைத் தனியாகக் கையால் எழுதப் போனால் கடைசி வேலையை மறந்துவிட வாய்ப்பு அதிகம். மறந்தால், முழுக்கச் செல்லாததாகிவிட்ட பிளாக் பக்கத்தில் கிடக்க, கார்பேஜ் கலெக்ஷன் நிரம்பிய பிளாக்கைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துக்கொண்டிருக்கும்.

அந்த ஃபங்ஷனுக்குப் பிறகு நீங்கள் செய்யவேண்டியது இரண்டு. முகவரியிலிருந்து பேஜுக்குப் போகும் அட்டவணையில் அந்தப் பதிவை "எங்கும் இல்லை" என்று மாற்றுவது. பேஜிலிருந்து முகவரிக்குப் போகும் தலைகீழ் அட்டவணையிலும் அழிப்பது. ரைட் பாதையில் முதல் அட்டவணையைப் புதிய பேஜ் வந்து தானாக மாற்றிவிடும், டிரிம்மில் மாற்ற யாரும் இல்லை. ஏற்கெனவே "எங்கும் இல்லை" என்று இருக்கும் முகவரிக்கு டிரிம் வந்தால் பேசாமல் தாண்டிவிடுங்கள். எஃப்எஸ்டிரிம் ஒரே காலி இடத்தை மறுபடி மறுபடி சொல்லக்கூடும். இந்தச் சோதனை இல்லாவிட்டால் எண்ணிக்கை இரண்டு தடவை குறைந்து, பிளாக்கின் கணக்கு எதிர்மறைக்குப் போய்விடும்.

உள்நோக்கிச் சுருக்குங்கள்

இந்த வேலையில் மிக நுட்பமான இடம் இது. நிதானமாகப் பார்ப்போம்.

ஹோஸ்ட் பேசுவது எல்பிஏ கணக்கில், பெரும்பாலும் 512 பைட். எஃப்டிஎல் நினைப்பது பேஜ் கணக்கில். பேஜ் 16 கிலோபைட் என்று வைத்தால் ஒரு பேஜில் 32 எல்பிஏ. இப்போது "20இலிருந்து 100 எல்பிஏக்களை விடுவி" என்று டிரிம் வருகிறது. அதாவது 20 முதல் 119 வரை. 0ஆம் பேஜில் 0 முதல் 31, 1ஆம் பேஜில் 32 முதல் 63, 2ஆம் பேஜில் 64 முதல் 95, 3ஆம் பேஜில் 96 முதல் 127.

எந்தெந்த பேஜை மறக்கலாம்? 1, 2 ஆகிய இரண்டை மட்டும். 0ஆம் பேஜில் 0 முதல் 19 வரை யாரோ வைத்த தகவல் இன்னும் உயிரோடு இருக்கிறது. 3ஆம் பேஜில் 120 முதல் 127 வரையும் அப்படியே.

ரைட் கட்டளைக்குக் கணக்கு வேறு. 20 முதல் 119 வரை எழுதச் சொன்னால் 0, 1, 2, 3 ஆகிய நான்கு பேஜையும் தொடவேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் வெளிநோக்கி விரிக்கிறோம். டிரிம்முக்கு உள்நோக்கிச் சுருக்க வேண்டும். தொடக்கத்தை 32ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 1. முடிவு எல்லையான 120ஐ 32ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் 3. 1இல் தொடங்கி 3க்கு முன்னால் நிறுத்துங்கள். தொடக்கம் முடிவைவிடக் குறைவாக இல்லையென்றால், அந்த வரிசையில் முழு பேஜ் எதுவும் சிக்கவில்லை, செய்ய ஒன்றுமில்லை.

ரைட் ஃபங்ஷனை நகலெடுத்து டிரிம்மாக மாற்றுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. விரிக்கும் கணக்கு அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முன்பே சொன்ன மாதிரி தகவல் கெடாது, ஏனென்றால் தகவல் ராமில் வேறிடத்தில் இருக்கிறது. ஆனால் 0ஆம் பேஜும் 3ஆம் பேஜும் எஃப்டிஎல்லின் கணக்கிலிருந்து போய்விட்டன. அடுத்து அவற்றைப் படிக்கும்போது "எங்கும் இல்லை" என்று ஃபிளாஷ் நேரமே எடுக்காமல் பதில் வரும். கார்பேஜ் கலெக்ஷன் நகலெடுக்க வேண்டிய பேஜ்களும் குறைந்துபோகும். வேகமும் ஆயுளும் உண்மையைவிட அழகாகத் தெரியும்.

இதைச் சாதாரணச் சோதனையில் பிடிக்கவும் முடியாது. லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 வழக்கமாக 4 கிலோபைட் பிளாக்கில் (ஃபிளாஷ் பிளாக் அல்ல, ஃபைல் சிஸ்டத்தின் சொந்த அலகு) இயங்குகிறது. எமுலேட்டர் பேஜும் 4 கிலோபைட், பார்ட்டிஷனும் ஒழுங்கான எல்லையில் தொடங்கினால், வருகிற டிரிம் எல்லாம் முழு பேஜாகவே வரும். விரித்தாலும் சுருக்கினாலும் விடை ஒன்றுதான். அதனால்தான் பேஜை 16 கிலோபைட்டாக மாற்றிச் சோதிக்கச் சொல்கிறேன். என்விஎம்இ-சிஎல்ஐ என்ற கருவியில் டிஎஸ்எம் கட்டளையால் தொடக்கத்தையும் நீளத்தையும் நீங்களே கொடுத்து அனுப்பலாம். அந்த இடத்தில் முதலில் ஏதாவது எழுதிவிட்டு, 20, 100 என்ற மேற்கண்ட எண்களையே கொடுத்துப் பாருங்கள். எத்தனை பேஜ் செல்லாததானது என்று அச்சிட வையுங்கள். 2 என்று வரவேண்டும்.

சுருக்குவதில் ஒரு சின்ன நஷ்டம் உண்டு. ஒரு பேஜின் முதல் பாதி இன்று டிரிம் ஆகிறது, மறுபாதி நாளை. இரண்டு தடவையும் முழு பேஜ் சிக்காததால் அது விடுபடாமலே நிற்கும். பேஜுக்குள் எந்த எல்பிஏக்கள் விடுபட்டன என்று சின்ன பிட்மேப் வைத்தால் தீர்க்கலாம். தொடக்கத்தில் இது தேவையில்லை. உயிருள்ள தகவலைக் கணக்கிலிருந்து தள்ளுவதைவிட, செத்த தகவலைக் கொஞ்சம் அதிகமாகச் சுமப்பது மேல்.

நேரமும் பூஜ்யமும்

டிரிம்முக்கு எவ்வளவு நேரம் வைப்பது? 0 என்று வைத்துவிட்டுப் போவது எளிது, எனக்கு அதில் உடன்பாடில்லை. நிஜ டிரைவில் அட்டவணையைப் புதுப்பிக்கவும், மின்சாரம் போனாலும் நினைவிருக்கும்படி அதைப் பதியவும் நேரம் ஆகும். ஒரு கட்டளைக்கு நிலையான சிறு தாமதம், அதோடு விடுபடும் பேஜுக்கு ஏற்ப ஒரு கூடுதல் தாமதம் என்று இரண்டு அளவுருக்களை வைத்து, பயனர் மாற்றிக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள்.

இன்னொரு நேரச் சிக்கலும் இருக்கிறது. நம் 16 ஜிபி டிரைவில் 4 கிலோபைட் பேஜ்கள் 41,94,304. நீளத்துக்கு 32 பிட் இருப்பதால் ஒரே வரிசையில் 512 பைட் கணக்கில் ஏறத்தாழ 2 டெராபைட் வரை கேட்கலாம். அதாவது முழு டிரைவையும் ஒற்றைக் கட்டளையில் விடுவிக்கச் சொல்லலாம். எஃப்டிஎல் திரெட் அந்த நாற்பது லட்சம் பதிவுகளையும் ஒரே மூச்சில் சுற்றினால், பின்னால் காத்திருக்கும் ரீட்களின் நேரம் எல்லாம் கெட்டுப்போகும். அந்தத் தாமதம் எமுலேட்டரின் சொந்தக் குறை, ஃபிளாஷுக்கு அதில் பங்கில்லை. துண்டு துண்டாகச் செய்து, நடுவில் மற்ற கோரிக்கைகளுக்கு வழிவிடுங்கள்.

டிரிம் செய்த இடத்தைப் படித்தால் என்ன வரவேண்டும்? என்விஎம்இ மூன்று விடையை அனுமதிக்கிறது: எல்லாம் 0, எல்லாம் ஹெக்ஸ் எஃப்எஃப், அல்லது கடைசியாக எழுதிய தகவலே. எதை எதிர்பார்க்கலாம் என்று ஐடென்டிஃபை நேம்ஸ்பேஸ் பதிலில் டிஎல்ஃபீட் என்ற புலத்தில் டிரைவ் சொல்லலாம். 0 வரும் என்று அங்கே சொன்னால், ராமில் அந்த இடத்தை உண்மையிலேயே 0 ஆக்குங்கள். ராமில் இடம் எல்பிஏ கணக்கில் இருப்பதால் இங்கே சுருக்க வேண்டியதில்லை, 20 முதல் 119 வரை சரியாக அத்தனையையும் 0 ஆக்கலாம். கணக்கு சுருங்கும், தகவல் சுருங்காது. இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே மாறியில் வைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சிம் லிம் ஸ்குவேரில் பழைய லேப்டாப்பை விற்கப் போகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. டிரிம் செய்த இடம் 0 என்று படிக்கப்படலாம், ஆனால் ஃபிளாஷ் சில்லில் அந்தத் தகவல் பிளாக் அழிக்கப்படும்வரை இருக்கத்தான் செய்யும். விற்பதற்கு முன் டிரைவ் முழுவதையும் துடைக்கும் சானிடைஸ் அல்லது செக்யூர் எரேஸ் கட்டளை தேவை, டிரிம் போதாது.

சரியாக வேலை செய்கிறதா?

முதலில் டிரைவ் முழுவதையும் ஒருமுறை வரிசையாக எழுதி நிரப்புங்கள். புத்தம்புது டிரைவில் கார்பேஜ் கலெக்ஷனே நடக்காது, எதை அளந்தாலும் நன்றாகத்தான் இருக்கும். நிரப்பியபின் டிரைவின் முதல் பாதியில் மட்டும், சோதனைக்காக எழுத்து வேலை கொடுக்கும் எஃப்ஐஓ கருவியால் அங்கங்கே எழுதவையுங்கள். ஹோஸ்ட் எழுதச் சொன்ன பேஜ்கள் எத்தனை, எஃப்டிஎல் எழுதிய பேஜ்கள் எத்தனை என்று இரண்டு எண்ணிகளை எமுலேட்டரில் வைத்திருந்தால் விகிதம் கிடைக்கும். இது முதல் ஓட்டம்.

இரண்டாவது ஓட்டத்தில் அதே மாதிரி நிரப்பி, பிஎல்கேடிஸ்கார்ட் நிரலால் மறுபாதி முழுவதையும் டிரிம் செய்துவிட்டு, முதல் பாதியில் அதே எழுத்து வேலையைக் கொடுங்கள். மறுபாதியில் எதையும் சுமக்க வேண்டாத டிரைவ் இப்போது பெரிய காலி இடத்தோடு வேலை செய்கிறது. விகிதம் தெளிவாக இறங்கவேண்டும். இறங்கவில்லையென்றால் செய்தி எஃப்டிஎல்லுக்குப் போகவில்லை, அல்லது முன்னுரிமை வரிசை புதுப்பிக்கப்படவில்லை.

மூன்றாவதாக, டிரிம் செய்த உடனே எல்லா பிளாக்குகளின் செல்லுபடியான எண்ணிக்கைகளையும் கூட்டுங்கள். மேப்பிங் டேபிளில் "எங்கும் இல்லை" என்று இல்லாத பதிவுகளையும் தனியாக எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருக்கவேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ எங்கோ ஒரு பேஜ் இரண்டு தடவை மறக்கப்பட்டிருக்கிறது, அல்லது மறக்கப்படாமலே விட்டுப்போயிருக்கிறது. என் அக்கா மகளுக்கு நான் முதலில் எழுதச் சொன்னது இந்தச் சோதனையைத்தான், டிரிம்மை எழுதுவதற்கும் முன்பே.

படிக்கும் வேகத்தை அளக்கும்போது மட்டும் கவனம். டிரிம் ஆன இடத்தைப் படித்தால் ஃபிளாஷைத் தொடாமலே பதில் வரும், நிஜ டிரைவ்களிலும் இப்படித்தான். அந்த வேகத்தை டிரைவின் வேகம் என்று எழுதிவிடக்கூடாது. அளப்பதற்கு முன் அந்த இடத்தில் ஏதாவது எழுதிவிடுங்கள்.

இதுவரை எழுதிய சுருக்கும் ஃபங்ஷனைத் தனியாக வைத்துக்கொண்டால் இன்னொரு கட்டளைக்கும் உதவும். என்விஎம்இயில் ரைட் ஜீரோஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆப்கோட் ஹெக்ஸ் 08. அதிலும் டீஅலோகேட் பிட் ஒன்று உண்டு. அந்த பிட் ஏறி வந்தால் முழு பேஜ்களை இதே ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு ஓரங்களிலும் மிஞ்சும் துண்டு பேஜ்களை மட்டும் சாதாரண எழுத்தாகக் கணக்கில் ஏற்றுங்கள்.